கஞ்சாவை நாடு முழுக்கச் சட்டபூர்வமாக்கலாமா? நெல்லையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். கஞ்சா வழக்கில் மாட்டிய மகனுக்குப் பெயில் கேட்டு யாராவது ஒரு தாய் வந்து உட்காராத வாரம் எனக்கு இல்லை. சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்துக்குக் கல்லூரிக்குப் போனால் பிள்ளைகள் கேட்பது வேறு: கனடாவில் விட்டாச்சு, ஜெர்மனியில் விட்டாச்சு, இந்தியாவில் எப்போது? இரண்டு பக்கத்திலும் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்கிறவனைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும். ஆனால் கடை திறந்து விற்க விடக்கூடாது. இது எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பதற்குப் பதில் கீழே வருகிறது.

மேடம், கஞ்சா முழுசா தடையா? ஒரு கிலோவுக்குக் கீழ இருந்தா கேஸ் இல்லைன்னு சொல்லுதாங்களே?

முழுசாகத் தடைதான். ‘என்.டி.பி.எஸ்.’ என்று நாங்கள் சொல்லும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நாடு முழுக்கப் பொருந்தும். ஒரு கிலோ கதை எங்கிருந்து வந்தது என்றால், சட்டம் கஞ்சாவை அளவு பார்த்து மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு கிலோவுக்குக் கீழே ‘சிறிய அளவு’: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, ஒரு லட்சம் முதல் 2 லட்சம் வரை அபராதம். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் வரை அபராதமும்.

சிறிய அளவென்றால் பொதுவாகப் பெயில் கிடைத்துவிடும். அதைப் பார்த்துத்தான் ‘கேஸ் இல்லை’ என்று பரவியிருக்கிறது. கேஸ் உண்டு. கையில் எதுவும் இல்லாமல் குடித்தது மட்டும் நிரூபணமானாலும் 6 மாதம் வரை சிறை உண்டு. செடி வளர்ப்பதற்கு இந்த அளவுக் கணக்கே கிடையாது. கொல்லையில் ஒரே ஒரு செடி வைத்தாலும் 10 ஆண்டு வரை போகலாம். இது பலருக்குத் தெரியாது.

அப்போ காசியில பாங்கு கடையே போர்டு வச்சு நடக்குதே, அது எப்படி?

சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவையும் காயையும் கொண்ட நுனியை. செடியிலிருந்து பிரித்த பிசினைச் சரஸ் என்கிறது. நுனி சேராத வெறும் இலையையும் விதையையும் அந்த வரையறை விட்டுவிடுகிறது. பாங்கு இலையில் செய்வது, அதனால் என்.டி.பி.எஸ்.ஸில் வராது. அதை எப்படி நடத்துவது என்பதை அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற கடைகள் உண்டு. காசியில் பார்த்துவிட்டு வந்து இங்கே முயற்சி செய்ய வேண்டாம்.

முன்னாடி நம்ம நாட்டுல இது தடையே இல்லையாமே? வெள்ளைக்காரன் சொல்லித்தான் தடை பண்ணினோமா?

முதல் பாதி உண்மை. வெள்ளைக்காரர் காலத்தில் கஞ்சா உரிமக் கடைகளில் விற்றது, அரசு வரி வாங்கியது. கஞ்சா குடிப்பவர்களால் மனநலக் காப்பகங்கள் நிரம்புகின்றன என்று லண்டனில் பேச்சு எழுந்தபோது, 1893இல் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள் (இங்கே சணல் என்பது கஞ்சாச் செடியை). அது நாடு முழுக்க 1,193 சாட்சிகளை விசாரித்தது. அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடு இல்லை, முழுத்தடை தேவையில்லை, உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது.

தடை வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1961இல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை அபின், ஹெராயினோடு ஒரே வரிசையில் வைத்தது. வழிவழியாகப் பயன்படுத்தும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசம் முடியும் தறுவாயில் 1985இல் நாம் சட்டம் போட்டோம். இலையை விட்டுவைத்ததும் அந்த ஒப்பந்தத்தின் வரையறையை ஒட்டித்தான். ஆக, வெளிநாட்டு அழுத்தம் இருந்தது, ஆனால் சட்டத்தை எழுதியது நம் நாடாளுமன்றம். மாற்றுவதென்றாலும் அதுதான் மாற்ற வேண்டும்.

சித்த மருத்துவத்துல இது சிவமூலி. நாங்க படிக்கிற மூலிகைக்கு ஏன் இவ்வளவு தடை?

இதைக் கேட்டது சித்த மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி. பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, இது நம் ஊரில் எழ வேண்டிய கேள்விதான். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டத்தில் கதவு திறந்தே இருக்கிறது. எட்டாவது பிரிவு தடை விதிக்கும்போதே ‘மருத்துவ, அறிவியல் நோக்கம் தவிர’ என்றுதான் சொல்கிறது. மாநில அரசு உரிமம் தரலாம். இந்திய மருத்துவ முறைகளில் நச்சுத்தன்மை உள்ளவை என்று அரசு போட்டிருக்கும் பட்டியலில் இது இருப்பதால், மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும்.

ஆங்கில மருத்துவத்திலும் இடம் உண்டு. சில வகைக் கடுமையான குழந்தை வலிப்புக்கு, கஞ்சாவிலிருந்து பிரித்த கன்னாபிடியால் மருந்தை 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. அந்தப் பொருளில் போதை கிடையாது. ‘மருந்தாக இருக்கிறதே, அப்படியானால் குடித்தால் என்ன’ என்று இதிலிருந்து ஒரே தாவாகத் தாவுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அபினிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. அதற்காக யாரும் அபின் கடை கேட்பதில்லை.

சட்டபூர்வமாக்குறது, குற்றமில்லாம ஆக்குறது... ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் எங்கே போனாலும் இந்த விவாதம் சண்டையில் முடிகிறது. குற்றமில்லாமல் ஆக்குவது என்றால் விற்பவன் குற்றவாளியாகவே இருப்பான், சொந்தத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவனை மட்டும் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். போர்ச்சுகல் 2001இல் செய்தது இதைத்தான். பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. ஒரு சிறு குழு முன் உட்காருகிறார். சிகிச்சை தேவையா என்று அவர்கள் பார்க்கிறார்கள்.

சட்டபூர்வமாக்குவது என்றால் விளைவித்து, பொட்டலம் கட்டி, விலை ஒட்டி விற்பது. 2013இல் உருகுவே முதலில் செய்தது. 2018 அக்டோபர் 17இல் கனடா. ஜெர்மனி 2024 ஏப்ரலில் ஒரு நடுவழியைப் பிடித்தது: பொது இடத்தில் 25 கிராம், வீட்டில் மூன்று செடி, சேர்ந்து வளர்க்கும் சங்கங்கள் உண்டு, கடை கிடையாது. தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சரியான விதிகள் எழுதும் முன்பே ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பி வந்தார்கள். நம் நாட்டோடு ஒப்பிட எனக்குக் கனடாவைவிடத் தாய்லாந்துதான் பொருத்தமாகத் தெரிகிறது.

அமெரிக்காவுல மாநிலம் மாநிலமா விட்டாங்க. தமிழ்நாடு தனியா விட முடியாதா?

முடியாது. அமெரிக்காவிலும் 1970ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தடைதான் சொல்கிறது. 2012இல் கொலராடோவும் வாஷிங்டனும் மக்கள் வாக்கெடுப்பில் விட்டபோது, மத்திய அரசு கண்டும் காணாமல் இருந்தது. நம் அரசியலமைப்பில் மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதினால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உத்தரகண்ட் போதை மிகக் குறைந்த சணல் வகையை நாருக்காக வளர்க்க 2018இல் உரிமம் கொடுத்தது. மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் வளர்க்க அனுமதிக்க வேண்டும் என்று இமாச்சல் சட்டமன்றம் 2024இல் தீர்மானம் போட்டது.

ஒரு சுவையான செய்தி. மாநிலப் பட்டியலில் 51ஆவது பதிவு, சாராயத்தோடு அபினுக்கும் சணல் போதைப்பொருளுக்கும் வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. நாளை டெல்லி தடையை எடுத்தால், வரிப்பெட்டியைத் திறந்து காத்திருக்கப்போவது மாநில அரசுகள்தான். கடை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெல்லியில யாராவது இதைப் பேசியிருக்காங்களா?

பாட்டியாலா எம்.பி. டாக்டர் தரம்வீர காந்தி தனிநபர் மசோதா கொண்டுவர முயன்றார். பஞ்சாபில் ஹெராயின் செய்த நாசத்தைப் பார்த்தவர் அவர். வழிவழியாக இருந்த மென்போதையைத் தடுத்ததால்தான் கடும்போதை வந்தது என்பது அவர் வாதம். 2020 டிசம்பரில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுப்பதை 27க்கு 25 என்ற வாக்கில் ஏற்றது. அதில் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. வெளியே அப்படி வாக்களித்தாலும் உள்ளே சட்டம் மாறவில்லை.

குடியை விட கஞ்சா எவ்வளவோ மேல்தானே? அதுல யாரும் சாகலையே?

அளவுக்கு மீறிக் குடித்தால் சாராயம் கொல்லும், கஞ்சா அப்படிக் கொல்வது மிக அரிது. இது உண்மை. 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வின்படி சாராயம் குடிப்பவர்கள் 14.6 சதவீதம், பாங்கும் சேர்த்துக் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துபவர்கள் 2.8 சதவீதம். மொத்தக் கேட்டில் சாராயத்தின் பங்குதான் பெரியது.

ஆனால் கேள்வி கேட்கும் தம்பிகளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. மூளை வளர்ச்சி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முடிகிறது. பயன்படுத்துபவர்களில் பத்தில் ஒருவர் அடிமையாகிறார், பதின்வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். மனச்சிதைவு நோய்க்கு இடமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இது அந்த நோயைச் சீக்கிரமே இழுத்துவரலாம். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் வெளியே வராத பையனை நான் பார்த்திருக்கிறேன். ‘யாரும் சாகலையே’ என்ற அளவுகோல் அவன் அம்மாவுக்குப் போதாது.

டாஸ்மாக் மாதிரி அரசே வித்தா கள்ளச்சந்தை ஒழியும், வருமானமும் வருமே?

அரசே விற்பது எப்படிப் போகும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் நாம்தான். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 கடைசியில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. இன்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தப் பணத்தை நம்பித் திட்டங்கள் ஓடுகின்றன. விற்பனை குறைந்தால் வருத்தப்பட வேண்டிய நிலைக்கு அரசு வந்துவிட்டது. எந்தக் கட்சி வந்தாலும் ‘படிப்படியாக’ என்கிறார்கள், அந்தப் படி இறங்குவதாகத் தெரியவில்லை. இத்தனை கடை இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அரசு விற்றால் கள்ளச்சந்தை தானாக ஒழிந்துவிடாது. விலை குறைந்த இடத்துக்கு ஏழை போவான்.

கனடாவில் கள்ளச்சந்தை நன்றாகவே சுருங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வயது பார்க்காமல் விற்றால் உரிமம் போகும். நம் கடையில் வயதுச் சான்று கேட்டு நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நாங்க பீடி சுத்துதோம். புகையிலை மட்டும் சட்டப்படி சரி, கஞ்சா தப்பா? இது என்ன நியாயம்?

முக்கூடல் பக்கத்து அக்கா ஒருவர், மடியில் தட்டோடு, கை நிற்காமல் கேட்டது. என்னிடம் வந்தவற்றில் இதுதான் நேர்மையான கேள்வி. நியாயம் இல்லைதான் அக்கா. புகையிலையால் நம் நாட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். இன்று புதிதாகக் கண்டுபிடித்திருந்தால் எந்த அரசும் அனுமதிக்காது.

ஆனாலும் பீடியை ஏன் நிறுத்த முடியவில்லை? முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று ஆயிரக்கணக்கான வீட்டு அடுப்பு அதில் எரிகிறது. ஒரு பொருள் கடைக்கு வந்துவிட்டால் அதைச் சுற்றி கூலி, வரி, வைப்பு நிதி, முதலாளி, ஓட்டு எல்லாம் வளர்ந்துவிடும். அப்புறம் தீங்கு தெரிந்தாலும் திரும்ப முடியாது. பொட்டலத்தில் படம் போடத்தான் முடியும். பீடி தரும் பாடத்தைப் பார்த்துத்தான் இன்னொன்றைத் தொடங்கத் தயங்குகிறேன்.

நம்ம பக்கம் நடக்குற வெட்டுக்குத்துக்கெல்லாம் கஞ்சாதானே காரணம்?

இதை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கவுன்சிலர்கள், ஏன், சில வழக்கறிஞர்களும் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. போதையில் கை சீக்கிரம் ஓங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் யார் மேல் ஓங்க வேண்டும் என்பதைக் கஞ்சா சொல்லித் தருவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சமூக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றியும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி பற்றியும் பேசியது.

‘எல்லாம் கஞ்சாவால்’ என்று சொல்லும்போது வீட்டில் நாம் ஊட்டியது தப்பித்துக்கொள்கிறது. தடையைக் கடுமையாக்கினால் வெட்டு நின்றுவிடும் என்று நினைத்து இந்த விவாதத்துக்குள் வரவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

பெரிய ஆளெல்லாம் வெளிய இருக்கான், எம்புள்ள உள்ள இருக்கான். சட்டம் யாருக்குமா?

நம் பக்கம் வரும் சரக்கு பெரும்பாலும் ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. ரயிலிலும் லாரியிலும் கைமாறிக் கைமாறி வருகிறது. கொஞ்சம் மன்னார் வளைகுடாக் கரை வழியாக இலங்கைக்கும் போகிறது. போலீஸ் பிடிப்பது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை. விளைவித்தவனும் பணம் போட்டவனும் கோர்ட்டுக்கு வருவது அபூர்வம்.

என்னிடம் வந்த ஒரு பையனுக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் படிப்பு, கையில் நாற்பது கிராம். பெயில் நான்கு நாளில் கிடைத்தது. வழக்கு மூன்றாண்டு நடந்தது. வளாகத் தேர்வில் கிடைத்த வேலை, நன்னடத்தைச் சான்று வராததால் போனது. வளைகுடா போக நினைத்தான், பாஸ்போர்ட் விசாரணையில் வழக்கு நின்றது. கடைசியில் அபராதம் இரண்டாயிரம்தான். அந்த மூன்றாண்டை யார் திருப்பித் தருவது? குடிப்பவனைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்கு அந்த வழக்குக் கட்டுகளைத் தூக்கி நடந்துதான் வந்தது.

தண்டனையை எடுத்தா பயம் போயிரும், எல்லாப் பயலும் குடிப்பான்லா?

போர்ச்சுகலில் எல்லோரும் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். பயந்தபடி பயன்பாடு பெருகிவிடவில்லை. ஆனால் அவர்கள் தண்டனையை எடுத்த கையோடு சிகிச்சை மையங்களையும் பெருக்கினார்கள். நாம் முதலாவதை மட்டும் செய்தால் உங்கள் பயம் பலிக்கலாம்.

இன்னொன்று. இன்று சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது, பயம் வந்ததா? கஞ்சா கிடைக்காத வாரத்தில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களை எனக்குத் தெரியும். ஒன்றை அடைத்தால் அதைவிட மோசமானது வேறு வழியில் வருகிறது.

சரி, குடிக்கிறவனை விடணும், விக்கிறவனைப் பிடிக்கணும். பத்து கிராம் வச்சிருக்கவன் ரெண்டுல யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் மடக்கிய இடம் இது. முழுமையான பதில் என்னிடம் இல்லை. மேலே சொன்ன ஒரு கிலோ எல்லையை அப்படியே தண்டனையற்ற அளவாக்க முடியாது. ஒரு கிலோவில் நூற்றுக்கணக்கான பொட்டலம் போடலாம். ஜெர்மனி போல 25 கிராம் என்று வைத்தால், விற்பவன் 24 கிராமாகக் கொண்டுவருவான். அளவோடு சேர்த்து, பிரித்துக் கட்டிய பொட்டலங்கள், தராசு, கைபேசிச் செய்திகள், பணம் எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். சில விற்பனையாளர்கள் இதில் தப்புவார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டுமென்று பாலிடெக்னிக் பையனின் மூன்றாண்டை எடுக்கிறோமே, அது எனக்கு அதைவிடப் பெரிய தவறாகப் படுகிறது.

பள்ளி வாசலில் பிள்ளைகளுக்கு விற்பவன் விஷயத்தில் எந்தத் தளர்வும் வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின்படி குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை சிறை. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும்.

சட்டம் மாறுறது மாறட்டும். எம் பையன் சட்டைப் பையில பொட்டலம் இருந்துச்சும்மா. இப்ப நான் என்னத்த செய்ய?

முதலில் அடிக்க வேண்டாம், ஊரைக் கூட்ட வேண்டாம். சொந்தக்காரர் சொன்ன ஏதோ ஒரு ‘மறுவாழ்வு இல்ல’த்தில், உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் கட்டிப்போட்டுவிட்டு வரவேண்டாம். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14446க்குப் பேசுங்கள், அது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். பையன் பயந்து போயிருந்தாலோ, தூங்காமல் தனியே பேசினாலோ தாமதிக்க வேண்டாம். 14416 மனநல உதவி எண்.

ஏற்கனவே வழக்கு ஆகிவிட்டதென்றால், இப்போதிருக்கும் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையாகிவிட்டவர், குடித்த வழக்கிலோ சிறிய அளவு வழக்கிலோ மாட்டியிருந்தால், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேரலாம். அந்த வழக்கைத் தொடரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போகலாம். இந்தப் பிரிவைக் கேட்டு மனுப் போடுபவர்கள் மிகக் குறைவு. உங்கள் வழக்கறிஞரிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசமாக ஒருவரை நியமிப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாகப் பத்திரமாக எடுத்து வாருங்கள்.